உப்புக் காற்றில் எஞ்சின் மவுண்டிங் சீக்கிரம் போவது ஏன்?

தங்கச்சிமடத்தில் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். முன்சக்கர இழுவை உள்ள டீசல் கார். ராமேஸ்வரத்தில் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி, திருப்புல்லாணி, தேவிபட்டினம், மதுரை என்று ஓட்டம். எஞ்சினை வண்டியின் உடம்போடு தாங்கிப் பிடித்து, அதன் உதறலை விழுங்கும் ரப்பர் பிடிகள்தான் மவுண்டிங். 52,000 கிலோமீட்டரில் அவை மூன்றையும் மாற்றியிருக்கிறார். இப்போது 71,000. மறுபடியும் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஸ்டீயரிங் நடுங்குகிறது, கிளட்ச் விடும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். பட்டறையில் கேட்டால், “கடற்காற்று தம்பி, உப்பு ரப்பரைத் தின்னுடும், ஒண்ணும் பண்ண முடியாது” என்கிறார்களாம். இது உண்மையா, இதற்கு வழி இருக்கிறதா என்பது கேள்வி.

தம்பி, வழி இருக்கிறது. உங்களுக்குச் சொன்ன காரணத்தில் பாதிதான் சரி. சொன்னவர் மேல் எனக்கு வருத்தமில்லை. உச்சிப்புளிப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். முதல் ஏழெட்டு வருஷம் நானும் எல்லோரிடமும் இதையேதான் சொன்னேன். அப்புறம் ஒரு கட்டத்தில், கழற்றிய மவுண்டிங்குகளை இரும்புக் கடைக்குப் போடாமல் சாக்கில் சேர்த்துவைத்து, ஓய்வான நேரத்தில் ஒவ்வொன்றாக ரம்பத்தில் அறுத்துப் பார்க்கத் தொடங்கினேன். உப்பு தின்ற ரப்பர் அதில் ஒன்றுகூட இல்லை.

இதற்கு ரம்பம்கூட வேண்டாம். பாம்பன் படகுத்துறைக்குப் போய், விசைப்படகுகளின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பழைய டயர்களைப் பாருங்கள். வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, படகோடு படகு மோதி நசுங்குகின்றன. ரப்பர் ரப்பராகவே இருக்கிறது. கெட்டுப்போவது அதற்குள் இருக்கும் கம்பிதான். அங்கேயே நின்று தலையைத் திருப்பினால் ரயில் பாலம் தெரியும். 1914இல் திறந்த பழைய பாலத்தில், இரும்பு அரித்துப் பலம் குறைந்ததால் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். ஒரே காற்றுதான். இரும்பை ஒரு மாதிரி நடத்துகிறது, ரப்பரை வேறு மாதிரி நடத்துகிறது.

எஞ்சின் மவுண்டிங் இந்த இரண்டும் சேர்ந்த பொருள். இரும்பு அல்லது அலுமினியப் பிடி, நடுவில் இயற்கை ரப்பர். ரப்பரை அதில் வெறுமனே சொருகி வைப்பதில்லை. இரும்பின் மேல் பசை பூசி, அச்சில் ரப்பரை ஊற்றி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்ட வைக்கிறார்கள். நல்ல மவுண்டிங்கை இழுத்துப் பிய்த்தால் ரப்பர் கிழியுமே தவிர ஒட்டு விடாது. உப்பு வேலை செய்வது அந்த ஒட்டு முடியும் ஓரத்தில்தான். பெயின்ட் கீறிய இடத்தில் துரு பிடித்து, அந்தத் துரு மெல்ல ரப்பருக்கு அடியில் ஊர்ந்து போகிறது. ஒட்டுப் பரப்பு ஒரு பக்கம் குறையக் குறைய, மிச்ச இடத்தின் மேல் முழு பாரமும் விழுகிறது. ஒரு நாள் அது விட்டுவிடுகிறது. வெளியே பார்த்தால் ரப்பர் புதுசு போலவே இருக்கும். கம்பியை வைத்து நெம்பினால் இரும்பை விட்டுத் தனியாக வரும்.

மழையில் நனைக்கவில்லை, கடல் தண்ணீரில் இறக்கவில்லை, அப்புறம் எப்படி இந்தத் துரு என்று பலர் கேட்பார்கள். சமையலறை உப்பு ஜாடி ராத்திரியில் கசிகிறதே, அதேதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். நம் கரையில் பெரும்பாலான ராத்திரிகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். இதில் இன்னொன்றும் உண்டு. கடலிலிருந்து வரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துப்போகும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்: உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீர் எத்தனை வெயிலிலும் முழுசாகக் காயாது. உங்கள் காரின் அடிப்பக்கமும் அப்படித்தான். தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும், மடிப்புகளுக்குள் ஈரம் போவதே இல்லை. அலுமினியப் பிடியில் இரும்பு போல்ட் போட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உலோகமும் நடுவில் உப்பீரமும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரிதான்; அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் பொரிந்துவிடும்.

பட்டறையில் சொன்னதில் சரியான பாதி இதுதான். ஆனால் இது மட்டும் என்றால் மவுண்டிங் போக நாலைந்து வருஷமாவது ஆகும். 19,000 கிலோமீட்டரில் போகாது. உங்கள் கணக்கில் இன்னொரு ஆள் இருக்கிறான், அவனை நாமே வீட்டுக்குள் விட்டிருக்கிறோம்.

வாட்டர் சர்வீஸ் விட்டதும் அடியில் என்ன அடிக்கச் சொல்கிறீர்கள்? துருப்பிடிக்காமல் இருக்க டீசலும் வேஸ்ட் ஆயிலும் கலந்து ஸ்பிரே செய்யும் பழக்கம் நம் கரை முழுக்க இருக்கிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த வாட்டர் சர்வீஸ் கடையிலும் கேட்காமலே அடித்துவிடுவார்கள். சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அதனால் கொஞ்சம் நன்மை உண்டு, மறுக்கவில்லை. மவுண்டிங்குக்கு அது விஷம்.

ரப்பர் பேண்ட் ஒன்றை ஒரு ராத்திரி டீசலில் போட்டு வையுங்கள். காலையில் ஊதிப் பருத்து, நீளம் கூடி, இழுத்தால் பொசுக்கென்று அறுந்துபோகும். இயற்கை ரப்பரும் டீசலும் குணத்தில் ஒரே குடும்பம், அதனால் ஒன்று மற்றொன்றுக்குள் எளிதாக ஊறிவிடும். தண்ணீர் ஊறாது, உப்பு ஊறாது, எண்ணெய் ஊறும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் என்று ஒன்று இருக்கிறது, ஆயில் சீலுக்கு அதைத்தான் போடுகிறார்கள். அதையே மவுண்டிங்குக்கும் போட்டால் என்ன என்று தோன்றும். கோடிக்கணக்கான முறை நசுங்கி எழுந்தும் வெடிக்காமல் இருப்பதில் இயற்கை ரப்பருக்கு நல்ல மாற்று கிடைக்கவில்லை. அதனால் கம்பெனிக்காரர்கள் அதை விடுவதில்லை. எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

ஸ்பிரே மட்டுமல்ல. எஞ்சின் மேல்மூடியின் (டாப் கவர்) பேக்கிங் கசிந்து வலது பக்க மவுண்டிங்கின் மேல் சொட்டுவது, டீசல் ஃபில்டர் மாற்றும்போது சிந்தியதைத் துடைக்காமல் விடுவது, இதெல்லாம் அதே கதைதான். உங்கள் வண்டியில் பானெட்டைத் திறந்து, வலது பக்க மவுண்டிங்கின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டினால், முதலில் அந்தக் கசிவை அடைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்கிறேன், இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். சில வண்டிகளில் ஒரு மவுண்டிங்குக்குள் திரவம் அடைத்திருக்கும், கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் கலந்த திரவம். ரப்பர் கிழிந்தால் அது வெளியே வழியும். அதைப் பார்த்து எஞ்சின் ஆயில் கசிகிறது என்று பேக்கிங்கை மாற்றிவிட்டு, மவுண்டிங்கை அப்படியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கசிவு மவுண்டிங்கின் உடம்பிலிருந்தே தொடங்குகிறதா, மேலேயிருந்து சொட்டுகிறதா என்று துடைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு நாளில் தெரிந்துவிடும்.

அடுத்தது சூடு. ரப்பர் கெட்டியாவது வெப்பத்தால். பத்து டிகிரி கூடினால் முதுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வரும் என்பது ரப்பர் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இங்கேயும் கடல் நேராக வராமல் சுற்றிவளைத்து வருகிறது. சைலன்சர் குழாய்க்கும் பின் மவுண்டிங்குக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும், வெப்பத்தை மறைக்க. நம் பக்கத்தில் அந்தத் தகடுதான் முதலில் துருப்பிடிக்கும். போல்ட் துளை பெரிதாகி ‘கிர்ர்’ என்று சத்தம் போடும். வாடிக்கையாளர் சத்தத்தை நிறுத்தச் சொல்வார், மெக்கானிக் தகட்டைப் பிய்த்து எறிந்துவிடுவார். சத்தம் நின்றுவிடும். அன்றிலிருந்து ரப்பர் நேராக அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து மவுண்டிங் போகும்போது யாருக்கும் அந்தத் தகடு நினைவுக்கு வராது. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் புதுசு போட்ட பிறகுதான் மவுண்டிங்குக்குப் பணம் செலவழிக்க வேண்டும். ரேடியேட்டரின் தகடுகள் உப்பில் உதிர்ந்துபோனாலும் இதே விளைவுதான். ஃபேன் ஓயாமல் ஓடும், பானெட்டுக்குள் அனல் அடங்காது.

தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனையில் ஏசியைப் போட்டபடி ஒரு மணி நேரம் நிற்பதையும் இதில் சேர்க்க வேண்டும். வயதானவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அணைக்க முடியாது, புரிகிறது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 1,600 முறை வெடிக்கிறது, வினாடிக்கு சுமார் 27 உதறல். மூன்று சிலிண்டரானால் வினாடிக்கு 20. உதறல் மெதுவாக ஆக ஆக ரப்பருக்கு அதை விழுங்குவது கடினம். ஓடும்போது இருப்பதைவிட நிற்கும்போதுதான் மவுண்டிங் அதிகம் உழைக்கிறது என்று சொல்லலாம், அதுவும் காற்றோட்டமில்லாத அனலில். ஐடிலிங் ஆர்பிஎம் சரியான அளவில் இருக்கிறதா என்று மட்டுமாவது பார்த்துவையுங்கள்.

இனி மணல். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லாக் காரும் தைரியமாகப் போகிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் அந்தச் சாலை மேலேயே மணல் மேடு ஏறும். ஒதுங்கி நிறுத்தினால் சக்கரம் புதையும். புதைந்ததும் என்ன செய்கிறோம்? முதல் கியர், ரிவர்ஸ், முதல் கியர் என்று முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிறோம். 200 நியூட்டன் மீட்டர் இழுவை தரும் எஞ்சினை எடுத்துக்கொண்டால், முதல் கியரிலும் கடைசிப் பல்லிலும் பெருகி அது பன்னிரண்டு, பதின்மூன்று மடங்காகச் சக்கரத்துக்குப் போகிறது. எஞ்சினும் கியர் பாக்ஸும் குறுக்குவாட்டில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் உங்கள் வண்டியில், சக்கரத்தைத் திருப்பும் அந்த விசைக்கு எதிர் விசை முழுவதையும் தாங்குவது இந்த மூன்று ரப்பர்கள்தான், அதிலும் முக்கியமாகக் கீழே இருக்கும் எலும்புத்துண்டு மாதிரியான டார்க் ராட். மணலில் சக்கரம் சுழன்று, திடீரென்று கெட்டித் தரையைப் பிடிக்கும்போது அது அடியாக இறங்குகிறது. எஞ்சின் நீளவாக்கில் இருந்து பின்சக்கரம் இழுக்கும் ஜீப், வேன் வகைகளில் பெருக்கத்தின் ஒரு பகுதி பின் ஆக்சிலிலேயே நடந்துவிடுவதால் மவுண்டிங்குக்கு இவ்வளவு வேதனை இல்லை. முந்தி தனுஷ்கோடி மணலில் ஓடிய வண்டிகளைக் காட்டி, “அதெல்லாம் தாங்கலையா” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

புதைந்தால் இறங்கித் தள்ளச் சொல்லுங்கள், அல்லது டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மிதியடியைப் போட்டு, ஒரே திசையில் மெதுவாக எடுங்கள். ஹாஃப் கிளட்ச்சில் உறும விட்டு உதைக்கக் கூடாது. பாம்பன் சாலைப் பாலத்து இணைப்புகளும் வேகத்தடைகளும் மவுண்டிங்கை உடைக்கும் என்று சொல்வார்கள். அதில் அடிபடுவது அதிகமாகச் சஸ்பென்ஷன்தான், மவுண்டிங்குக்குப் பங்கு கொஞ்சம்.

இரண்டாவது முறை இவ்வளவு சீக்கிரம் போனதால், மாட்டிய விதத்தையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. இதில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலின் தொடக்கத்தில், எஞ்சினை ஜாக்கியில் தூக்கி மவுண்டிங்கை மாற்றி, ஜாக்கி தூக்கியபடியே எல்லா போல்ட்டையும் முறுக்கிவிடுவேன். அப்படி முறுக்கினால் ரப்பர் பிறக்கும்போதே திருகிக்கொண்டு நிற்கிறது. வண்டி சும்மா நின்றாலும் அது இழுபட்டுக்கொண்டே இருக்கும். கீழக்கரையில் ஒருவருக்கு அப்படி மாட்டிக் கொடுத்தது எட்டு மாதத்தில் கிழிந்து வந்தது. அவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், வண்டி பாதி நாள் வீட்டில்தான் நின்றது. அன்றைக்குத்தான் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டு, ஜாக்கியை முழுசாக இறக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு முறை குலுங்க விட்டு, அது தானாக உட்கார்ந்த இடத்தில் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து வரிசைப்படி முறுக்க வேண்டும். கூடுதல் வேலை அரை மணி நேரம்கூட இல்லை. அந்தக் கீழக்கரைக்காரருக்குப் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். இன்றும் வருகிறார்.

போல்ட்டையும் பாருங்கள். துருவேறிய போல்ட் கழற்றும்போது முறியும், பட்டறையில் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுவார்கள். ஒரிஜினல் போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்கும், அது பலத்தின் அளவு. எண்ணே இல்லாத சாதா போல்ட் இருந்தால் அது நீண்டு தளரும், அப்புறம் எந்த ரப்பரும் நிற்காது. டூப்ளிகேட் மவுண்டிங்கில் வெளி உருவம் அச்சு அசலாக இருக்கும். ரப்பரின் கெட்டித்தனம்தான் வேறுபடும், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றில் ஒன்று மட்டும் கெட்டியாக இருந்தாலும் மற்ற இரண்டும் கூடுதலாக ஆடிக் கெடும்.

இன்னொரு சாத்தியத்தையும் விட்டுவிடாதீர்கள். முதல் தடவை நடுங்கியதற்கே மவுண்டிங் காரணம்தானா? இன்ஜெக்டர் ஒன்று சரியாக டீசல் அடிக்காவிட்டால் எஞ்சின் நொண்டும். அந்த நொண்டல் ஸ்டீயரிங்குக்கு வரும்போது மவுண்டிங் போன மாதிரியே தெரியும். புது ரப்பர் போட்டதும் கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் அந்த நொண்டலே புது ரப்பரையும் கொன்றுவிடும். ஸ்கேனரில் நாலு சிலிண்டரின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, காலாலும் பிரேக்கை அழுத்திப் பிடித்து, முதல் கியரில் கிளட்ச்சை லேசாகப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். அப்படியே ரிவர்ஸிலும். பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும், வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் கொஞ்சம் சாய்வது இயல்பு. ஒரு அங்குலத்துக்கு மேல் துள்ளினால், ‘டொக்’ கேட்டால், மவுண்டிங்தான்.

துருவுக்கு என்ன செய்வது என்றால், நல்ல தண்ணீர்தான் மருந்து. அது நம்மிடம் குறைவு என்பதுதான் துயரம். தீவில் பல வாட்டர் சர்வீஸ் கடைகளில் போர் தண்ணீரே உவர்ப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை அடிக்கிறார்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் குடம் வைக்கும் ஊரில் காரைக் குளிப்பாட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. வயலுக்கு மருந்து அடிக்கும் கை ஸ்பிரேயர் புதுசாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் நல்ல தண்ணீர் போதும். தனுஷ்கோடி போய் வந்த அன்று, எஞ்சின் ஆறிய பிறகு, டார்க் ராட் உட்பட மூன்று மவுண்டிங், அவற்றின் பிடி, போல்ட் தலைகள் இவற்றில் மட்டும் அடித்துக் கழுவினால் போதும். ஐப்பசி கார்த்திகை மழை இருந்தால் அந்த வேலையும் இல்லை. சேசிஸுக்குத் துருத் தடுப்பு வேண்டுமென்றால் மெழுகு வகைப் பூச்சு கிடைக்கிறது. அடிக்கும்போது மவுண்டிங்குகளையும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களையும் பாலித்தீன் பையால் கட்டி மூடச் சொல்லுங்கள். வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம்.

இந்த முறை கழற்றும்போது கூடவே நின்று பழைய மூன்றையும் கையில் வாங்குங்கள். நகத்தால் அழுத்துங்கள். ரப்பர் பஞ்சு போல் இளகி, ஊதி, டீசல் வாசம் அடித்தால் காரணம் எண்ணெய். கல் மாதிரி இறுகி, பொடிப்பொடி வெடிப்பு விட்டிருந்தால் சூடு, உடனே அந்தத் தகட்டைத் தேடுங்கள். ரப்பர் நன்றாக இருந்து, பிரிந்த இடத்தில் இரும்பு மட்டும் சிவந்து துருவேறிக் கிடந்தால் அது உப்பு. எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிழிந்திருந்தால் மாட்டிய விதம். மூன்றும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை, எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் குறித்துவையுங்கள். 52,000இல் கழற்றியவையும் அந்தப் பட்டறை மூலையில் இன்னும் கிடந்தால் அவற்றையும் கேட்டு வாங்கி, இரண்டு செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.